இடிபாட்டுக் குவியலின் இருப்பிடம்: பாரூர்த் தெரு ஒன்றை முன்வைத்து ஓர் ஆய்வு

முகவுரை

வீட்டை இடிப்பது எளிது, இடித்ததை வைப்பது அரிது என்பது வெள்ளிடைமலை. இந்த இடத்தில் ஒரு குறள் வரவேண்டும். ஆய்வுத் தலைப்பு கோழித் தீவனமாக இருந்தாலும் முதல் பக்கத்தில் ஒரு குறள் வைப்பது மரபு. கிருஷ்ணகிரியில் பதினேழு வருடம் டிடிபி கடை வைத்து, ஆய்வேடு ஆய்வேடாக அடித்துக் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசியிருந்ததால் குறளுக்கும் சேர்த்தே காசு வாங்கினேன். இந்தக் கட்டுரையை என் செலவில் நானே அடிக்கிறேன். ஆகவே குறள் இல்லை.

ஆய்வுக்களம் போச்சம்பள்ளி வட்டம் பாரூர். ஆய்வு எல்லை என் வீட்டு வாசலும் எதிர்ச்சுவரும், இடைப்பட்ட பன்னிரண்டு அடி சிமெண்ட் ரோடும். ஆய்வுக் காலம் இருபத்து மூன்று நாள். கருதுகோள்: இரண்டு நாள். அதாவது, "ரெண்டு நாள்ல எடுத்துடலாம்ண்ணா" (மேஸ்திரி, நேர்ப்பேச்சு).

சிப்காட் வந்தபின் வாடகைக்கு ரூம் தேடி வரும் பிள்ளைகள் பெருகினர். தெருவில் ஆளாளுக்கு முன்பக்கத் தாழ்வாரத்தை இடித்துவிட்டு இரண்டு ரூம் எழுப்பினர். நானும் எழுப்பத் துணிந்தேன். தாத்தா கட்டிய மண்சுவரும் நாட்டு ஓடும் ஒரே நாளில் கீழே வந்தன. அளந்ததில் ஒரு யூனிட், அதாவது நூறு கன அடி. எடை நாலு டன் சுமார். அதை எங்கே வைப்பது என்பதே ஆய்வுச் சிக்கல்.

கலைச்சொல் விளக்கம்

கொத்தனார்கள் இதை ரப்பீஸ் என்பர். அரசுத் தாள்கள் கட்டுமான மற்றும் இடிபாட்டுக் கழிவு என்னும். என் அம்மா "அந்தக் கருமம்" என்பாள். மூன்றும் ஒருபொருள் குறித்த பல சொற்கள். ஊராட்சித் தூய்மைக் காவலர் அக்கா வண்டியில் இரண்டு பிரிவுகளே உண்டு: மக்கும் குப்பை, மக்காத குப்பை. என் குவியலை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் மூன்றாவது பிரிவு ஒன்றைப் படைத்தார். "இது நகராத குப்பைங்க" என்றார்.

குப்பை என்ற சொல்லுக்கே பழந்தமிழில் குவியல் என்றுதான் பொருள். நெல் குவிந்தாலும் குப்பை, உப்பு குவிந்தாலும் குப்பை. சங்ககாலத்து ஆள் ஒருவரைக் கூட்டிவந்து 'குப்பை கொட்டாதே' என்ற பலகையைக் காட்டினால், அறுவடைக் காலத்தில் இதென்ன கொடுங்கோல் என்று கேட்பார்.

ஊர்ப்பெயராய்வையும் விட முடியாது. விட்டால் நெறியாளர் கையெழுத்துப் போடமாட்டார். பாரம் + ஊர் = பாரூர். பாரம் மிகுந்த ஊர். புணர்ச்சி விதிப்படி பாரவூர் என்றல்லவா வரவேண்டும் என்று தடை எழுப்புவர். விதிப்படி வராமையே அதன் தொன்மைக்குச் சான்று. (இந்த உத்தியை நான் கண்டுபிடிக்கவில்லை. அடித்துக் கொடுத்த ஆய்வேடுகளில் பாதி இந்த ஒற்றைத் தூணில்தான் நிற்கின்றன.)

முன்னாய்வுகள்

இங்கிலாந்தில் இதற்கென்று பெரிய இரும்புத் தொட்டியை வாடகைக்கு விடுகிறார்கள். லாரி வந்து வீட்டெதிரில் இறக்கிவிட்டுப் போகும். நிரம்பியதும் தூக்கிப் போகும். எட்டுக் கன கஜத் தொட்டி அங்கே சாதாரணம். நம் கணக்கில் இரண்டு யூனிட்டும் கொசுறும். சொந்த வளாகத்தில் வைத்தால் யாரும் கேட்பதில்லை. பொதுச்சாலையில் வைப்பதானால் 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 139ஆம் பிரிவுப்படி அனுமதி வாங்க வேண்டும், இரவில் விளக்கு எரிய வேண்டும், நிரம்பியதும் தாமதமில்லாமல் எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தொட்டியின் மேல் உரிமையாளரின் பெயரும் தொடர்பு கொள்ள வழியும் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். ரப்பீஸுக்குப் பெயர் எழுதுவதா! நம் தெருவில் கோயிலுக்கு டியூப்லைட் கொடுத்தால் வெளிச்சமே வராத அளவுக்குப் பெயர் எழுதுவோம். கொட்டியதற்கு யாரும் பெயர் எழுதிக்கொண்டதாகத் தகவல் இல்லை.

நம் நாட்டிலும் சட்டம் உண்டு. 2016ஆம் ஆண்டு விதிகள், இடித்தவர் இடிபாட்டைத் தம் வளாகத்துக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும், இல்லையேல் சேகரிப்பு மையத்தில் சேர்க்க வேண்டும், போக்குவரத்துக்கும் சாக்கடைக்கும் இடைஞ்சல் கூடாது என்றன. ஒரு நாளில் 20 டன் அல்லது மாதம் 300 டன்னுக்கு மேல் இடிப்பவர்கள் கான்கிரீட், மண், இரும்பு, மரமும் பிளாஸ்டிக்கும், செங்கலும் காரையும் என்று பிரித்தும் வைக்க வேண்டும். அதற்குப் பதிலாக 2025இல் அறிவித்த புதிய விதிகள் 20,000 சதுர மீட்டர் கட்டடங்களின் மேல் கண் வைக்கின்றன. என் மனை இரண்டு சென்ட், அதாவது எண்பத்தோரு சதுர மீட்டர். சட்டத்தின் பார்வையில் நான் தூசு. வளாகத்துக்குள் வை என்றால் வளாகம் முழுக்க வீடு. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இடிபாட்டை அரைத்து மறுபடி கல்லும் மணலுமாக்கும் ஆலைகள் இருக்கின்றன. நாலு டன்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவில் தாழ்வாரத்தை இடிக்காமலே இருந்திருக்கலாம்.

ஆனால் ஒன்று. சட்டம் சொல்லும் தரம் பிரித்தல் எங்கள் தெருவில் யாரும் சொல்லாமலே நடந்தது. கம்பியும் தகரமும் ஒரு மணி நேரத்தில் பழைய இரும்புக்காரரிடம் போயின. உத்தரமும் ரீப்பர் கட்டையும் நாலு வீட்டு வெந்நீர் அடுப்புக்குப் போயின. உடையாத ஓடுகளை ஒருவர் கோழிக்கூண்டுக்குக் கேட்டு வாங்கினார். யாருக்கும் வேண்டாத மிச்சமே இந்த ஆய்வின் பொருள்.

இட வகைமை

மாடி: நாலு டன்.

கிணறு: அம்மா இருக்கும்வரை இல்லை.

வீட்டின் நட்ட நடு: பிரம்மஸ்தானம். சோஃபாவும் இருக்கிறது.

வாஸ்து நூலோர் ஈசான மூலையைக் காலியாக விடச் சொல்வர். பாரமெல்லாம் கன்னி மூலைக்கு என்பர். தென்மேற்கு உயர உயரக் குடும்பம் உயரும். இந்த நியாயப்படி நாலு டன்னைக் கன்னி மூலையில் ஏற்றிவிட்டால் ஏழு தலைமுறைக்குக் கவலை இல்லை. எங்கள் கன்னி மூலையில் பீரோ நிற்கிறது. ரப்பீஸை அதன்மேல் ஏற்றுவதா, அதற்குள் வைப்பதா என்று மனைவியிடம் கேட்டேன். கருத்து வேறுபாடு எழுந்தது.

ஏரி: விளையாட்டுப் பேச்சு இங்கே வேண்டாம். நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியே தென்பெண்ணைத் தண்ணீர் வந்து நிற்கும் ஏரி. அரசம்பட்டித் தென்னந்தோப்புகள் வரை அதன் ஈரத்தில் நிற்கின்றன. மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் ஒன்று இங்கே திலேப்பியா வளர்ப்பில் உண்மையான ஆராய்ச்சியே செய்கிறது. ராத்திரி பதினொன்றுக்கு மேல் விளக்கை அணைத்துக்கொண்டு ஏதாவது நீர்நிலைப் பக்கம் வண்டியைத் திருப்பும் பழக்கம் தமிழ்நாடு முழுக்க உண்டு. எனக்கும் அந்த யோசனை ஒருவர் சொன்னார். அவர் டீக்கு நான் காசு கொடுக்கவில்லை.

ஆக மிஞ்சியது தெரு. தெருவுக்கு எழுதாத சட்டங்கள் சில உண்டு. கோலம் போடும் இடத்தில் வைக்கக்கூடாது. பால் வண்டி திரும்பும் இடம் ஆகாது. சாமி ஊர்வலம் வரும் வழியும், பாடை போகும் வழியும் மறிபடக்கூடாது. பிந்தையதை எதிர்வீட்டு அம்மா நினைவூட்டினார் (கண்டனங்கள், திண்ணைப் பதிப்பு, முதல் தொகுதி, காலை 6.10, மூலம் தெலுங்கு, தமிழாக்கம் என் மனைவி, பண்பாடு கருதிச் சில பகுதிகள் விடப்பட்டுள்ளன). யாருடைய பாடை என்பது மூலத்தில் தெளிவாகவே இருந்ததாக மொழிபெயர்ப்பாளர் பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

டிரெய்லர்க் கோட்பாடும் அதன் வீழ்ச்சியும்

இரும்புத் தொட்டி வாடகைக்கு விடும் தொழில் எங்கள் ஊருக்கு வரவில்லை. அதற்கு நிகரானது டிராக்டர் டிரெய்லர். இஞ்சினைக் கழற்றிக்கொண்டு டிரெய்லரை மட்டும் வாசலில் விட்டுப்போகச் சொல்வது. மூக்குக்கு அடியில் ஒரு கல், சக்கரத்துக்கு இருபுறமும் கல். சித்தாள்கள் பாண்டு பாண்டாக நேரே அதில் கொட்டலாம்; தரையில் ஒரு சிட்டிகை விழாது. "இங்கிலாந்துல இப்படித்தான்" என்று பெருமையாகச் சொன்னேன். "அங்க சித்தாள் கூலி எவ்ளோண்ணா?" என்று கேட்டது அறிவியல் நோக்கில் பொருத்தமற்ற வினா (சித்தாள் அக்கா, நேர்ப்பேச்சு, கூலிக்கு முன், கூலிக்குப் பின் அவர் டிரெய்லரைப் பாராட்டியதும் பதிவு செய்யப்பட்டுள்ளது).

டிரெய்லர் ஒரு பகல் நின்றது. மறுநாள் விடியற்காலை அதன் உரிமையாளருக்கு அரசம்பட்டியில் தேங்காய் லோடு கிடைத்துவிட்டது. நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. ஓடிவந்து பார்த்தால், டிரெய்லரை எதிரிலிருந்த பழைய மாட்டுக்கொட்டகைச் சுவரோரம் பின்னுக்குத் தள்ளி, தூக்கி, கவிழ்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். "சாயங்காலம் வந்து வாரிக்கினு போறேண்ணா" என்று கை காட்டினார்.

அதன்பின் நிகழ்ந்த உரையாடல்கள் தனி இயலுக்கு உரியவை. (டிராக்டர்காரர், தொலைபேசி மொழிகள், நிறைவுறாத் தொகுதி, இருபது நாள், 'வந்துக்கினே இருக்கேண்ணா' என்னும் தொடர் ஒன்பது இடங்களில் பயின்று வருகிறது, பாடபேதம்: 'கெளம்பிட்டேண்ணா', இஞ்சின் இரைச்சலால் சிதைந்த பகுதிகள் உண்டு, இரைச்சலே இல்லாத பகுதிகள் அதைவிட மிகுதி, இரு பாடத்துக்கும் பொருள் ஒன்றே என்பார் என் மனைவி, அப்பொருள் வருமாறு: படுத்திருக்கிறேன்.)

கூம்பியல்

மனம் நொந்தவன் கணக்குப் போடுவான். உடைந்த கல்லும் மண்ணும் கலந்த குவியல் முப்பத்தேழு டிகிரி சாய்வில் நிற்பதாகக் கொள்வோம். வெட்டவெளியில் கொட்டினால் ஒரு யூனிட் பத்தடி அகல வட்டமாக, மூன்றே முக்கால் அடி உயரத்தில் நிற்கும். பன்னிரண்டு அடி ரோட்டில் பத்தடி போனால் மிச்சத்தில் பூனை போகலாம். அதே யூனிட்டைச் சுவரில் சாய்த்துக் கொட்டினால் அது அரைக்கூம்பு. உயரம் நாலே முக்கால் அடியாக ஏறும். ரோட்டுக்குள் நீள்வது ஆறே கால் அடிதான், சற்றே கூடலாம். ஐந்தரை அடி மிச்சம். டூவீலர் போகும், மாடு போகும், சாமி கொஞ்சம் ஒருக்களித்தால் அதுவும் போகும். டிராக்டர்காரர் ஒரு சூத்திரமும் போடாமல் பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்தே இதைச் சாதித்திருந்தார். மண்சுவர் ஈரம் குடித்து வயிறு தள்ளும் என்பதை மட்டும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை. சுவர் அவருடையதன்று, என்னுடையதும் அன்று.

ஒரு குறை. இக்கணக்கு குவியல் வளராது என்ற அனுமானத்தில் போட்டது. நான்காம் நாள் அதில் தேங்காய் மட்டை இருந்தது. ஆறாம் நாள் சாமி படத்துச் சட்டகம், கண்ணாடி இல்லாமல். ஒன்பதாம் நாள் ஒரு கால் போன பிளாஸ்டிக் நாற்காலி, யாரோ உட்காரப் போவதைப்போல உச்சியில் நிமிர்ந்து நின்றது. இங்கிலாந்திலும் ராத்திரியில் அக்கம்பக்கத்தார் வந்து அடுத்தவர் தொட்டியில் போட்டுவிட்டுப் போவது வழக்கம் என்பதால் இதை மானிட இயல்பு என்றே கொள்ளலாம்.

குவியல் குறையாததற்குக் காரணம் அலட்சியம் என்று மேம்போக்கானவர் சொல்வர். அளவுக்கு மீறிய தேவைதான் காரணம். ரப்பீஸ் கிராமத்தில் அருமையான சரக்கு. பேஸ்மட்டம் நிரப்ப வேண்டும், பள்ளம் மூட வேண்டும், மழைக்குச் சேறாகும் வாசலை மேடாக்க வேண்டும். முதல் நாளே மூன்று பேர் தனித்தனியாக வந்து, "அண்ணா, அத வேற யாருக்கும் குடுத்துடாதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். மூவரில் ஒருவர் உறவு, ஒருவர் கடன் கொடுத்தவர், ஒருவர் எதற்கும் இருக்கட்டும் என்று சொன்னவர். ஒருவருக்குக் கொடுத்தால் இருவர் பகை. மூவருக்கும் கொடுக்கலாம் என்றால் மூவரும் வண்டி கொண்டுவருவதாக இல்லை. என் வீட்டு வாசலில் இருப்பது என் ரப்பீஸ், எடுக்க வேண்டியவன் நான், ஆனால் எடுத்தால் துரோகி. நிலச் சீர்திருத்தம் பற்றி நானூறு பக்க ஆய்வேடு அடித்திருக்கிறேன். இந்த வகை உடைமையைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

சுவரெழுத்து: சில இலக்கணச் சிக்கல்கள்

இனிதான் ஆய்வின் உயிர்நிலை. குவியல் சாய்ந்திருந்த அந்தச் சுவரில், குவியலின் தலைக்கு மேலே, நீலப் பெயிண்டில் ஒரு வாசகம் உண்டு.

இங்கு குப்பை கொட்டா

இவ்வளவே. 'டா'வுக்கு அப்பால் காரை பெயர்ந்து மண் தெரிகிறது. சுற்றிலும் உதிர்ந்த தேர்தல் சின்னங்கள் மூன்று அடுக்காக இருப்பதால் தொன்மை மறுக்கவியலாதது.

முதலில் ஓர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் சுவரின் முன் நின்றார். எங்கள் தெருவில் எல்லோரும் ஐயா என்று அழைக்கும் பெரியவர். நாலு டன்னைச் சுற்றிக்கொண்டு, செருப்பில் ஒட்டிய மண்ணை உதறிவிட்டு, நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "இங்கு என்பதற்குப் பின் வல்லினம் மிகும்ப்பா. இங்குக் குப்பை. க் விட்டிருக்கான்." குவியலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் வந்த ஆய்வேடுகளைத் திருத்திய நெறியாளர்களிலும் பலர் இப்படித்தான்; இருநூறு பக்கம் புரட்டி இரண்டு ஒற்றுக்குச் சிவப்பு மை வைப்பார்கள், அடியில் கிடக்கும் நாலு டன் கண்ணில் படாது.

சிக்கல் 'கொட்டா' என்ற சொல்லில் இருக்கிறது. கொட்டாத என்பதன் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்று கொள்வது ஒரு மரபு. பத்தாம் வகுப்பில் இதற்கு அடி வாங்காதவர் இல்லை. பெயரெச்சமாயின் பின்னால் ஒரு பெயர் வரவேண்டும். சுவரில் பெயர் இல்லை. ஆனால் சுவரடியில் இருக்கிறது: குவியல். 'கொட்டாக் குவியல்' என்று முடிக்க, கொட்டப்படாத குவியல் என்றாகிறது. இது மெய்ந்நிலையோடு வியக்கத்தக்க வகையில் பொருந்துகிறது. நான் கொட்டவில்லை, டிரெய்லர் கொட்டியது. டிராக்டர்காரரும் கொட்டவில்லை, இறக்கி வைத்தார். தேங்காய் மட்டையைத் தெருவில் ஒருவரும் கொட்டவில்லை. எவராலும் கொட்டப்படாமல் தானே நின்ற சுயம்புக் குவியல் என்பதைச் சுவர் முன்கூட்டியே உணர்ந்து எழுதியிருக்கிறது.

இரண்டாம் மரபு இதைவிட ஆழமானது. நன்னூலில் பவணந்தி முனிவர் வகுக்கும் வினையெச்ச வாய்பாடுகளில் 'செய்யா' என்பது ஒன்று. அது பார்வைக்கு எதிர்மறை போலத் தோன்றும் உடன்பாடு. உண்ணா வந்தான் என்றால் உண்ணாமல் வந்தான் என்றில்லை, உண்டு வந்தான். அதன்படி கொட்டா என்றால் கொட்டி. 'இங்குக் குப்பை கொட்டி' என்று தொடங்கும் சுவர், முடிக்கும் வினைமுற்றைப் படிப்பவருக்கே விட்டிருக்கிறது. அந்த வினைமுற்று 'போயினான்' என்பதே ஆய்வாளர் துணிபு. எழுவாய் யார் என்பது தெருவறிந்தது. அவர் அப்போது அரசம்பட்டியில் இருந்தார்.

ஆக ஒரே சொல் கொட்டவில்லை என்றும் சொல்கிறது, கொட்டிவிட்டான் என்றும் சொல்கிறது. தமிழன்றி வேறெந்த மொழிக்கு இந்தத் திறம் உண்டு என்று கேட்டு ஒரு பத்தி உணர்ச்சிவசப்படலாம். ஆய்வேடுகளில் இந்த இடத்தில் கேட்பார்கள். அடிக்கும்போது எனக்கே ஓரிருமுறை கண் கலங்கியதுண்டு.

ராத்திரி பத்தரைக்கு இதை மனைவிக்கு விளக்கினேன். "கொட்டாவின்னும் படிக்கலாம்ல" என்றாள், விட்டுக்கொண்டே. வி என்னும் எழுத்து காரையோடு உதிர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. இம்மூன்றாம் பாடம் அடிக்குறிப்புக்கு மட்டும் ஏற்கப்பட்டது. அடுத்த வீட்டுப் பையன், ஏழாவது படிக்கிறவன், "அது கொட்டாதேன்னு எழுதியிருக்கும் மாமா, அழிஞ்சிருக்கும்" என்றான். இவ்வளவு எளிய கருத்தை வைத்து யாருக்கும் பட்டம் கொடுக்கமாட்டார்கள் என்பதால் அது விலக்கப்பட்டது. இந்த இயல் மட்டும் பதினான்கு பக்கம் வந்தது.

முடிபு

இருபத்து மூன்றாம் நாள் மத்தியானம் டிராக்டர் வந்தது. சொல்லாமல் வந்தது. ஏதோ ஒரு பேஸ்மட்டத்துக்கு அவசரமாக மண் வேண்டுமாம். சொல்லி வைத்த மூவரில் எவருடையதும் அன்று. மம்மட்டியால் இழுத்துப் பாண்டில் வாரி ஏற்ற இரண்டு மணி நேரம். நாற்காலியும் ஏறிப் போனது. அடியில் என் பழைய செருப்பு ஒன்றும், தாத்தா காலத்து ஓடு ஒன்று சில்லுகூடப் போகாமல் முழுசாகவும் கிடைத்தன. ஓட்டை எடுத்துவைத்தேன்.

சித்தாள் அக்கா கடைசிப் பாண்டை எடுத்துத் துடைப்பத்தால் சுவரடியைக் கூட்டிவிட்டு நிமிர்ந்தார். இருபத்து மூன்று நாள் குவியலுக்குப் பின்னால் மறைந்திருந்த சுவரின் கீழ்ப்பகுதியில், இடுப்பு உயரத்தில், அதே நீலப் பெயிண்டில், அதே கையெழுத்தில், இடம் போதாமல் அடுத்த வரிக்கு இறக்கி எழுதிய நான்கு எழுத்து இருந்தது.

தீர்கள்

அக்கா அதைப் படித்தார். பையன் படித்தான். ஐயா தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார். மூவரும் என்னைப் பார்த்தனர்.

மேற்படி நான்கு எழுத்தும் பிற்கால இடைச்செருகல் என்பது வெளிப்படை. முன்வரியோடு நிறத்திலும் கையிலும் அவை ஒத்திருப்பதே ஐயத்தை வலுப்படுத்துகிறது. ஏமாற்ற நினைப்பவன் ஒத்திருக்கும்படிதானே எழுதுவான். பதினான்கு பக்கம் ஏற்கெனவே அடித்தாகிவிட்டது என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது.

ஆயினும் மாற்றுக் கருத்துடையோர் நேரில் வந்து சரிபார்க்க விரும்பலாம் என்று இரண்டு மணி நேரம் கவலையாகத்தான் இருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு, காலியான இடத்தைப் பார்த்துவிட்ட எதிர்வீட்டுக்காரர், தம் மாடி வேலைக்கு ஒரு யூனிட் எம்சாண்ட் கொண்டுவந்து அதே சுவரோரம் இறக்கினார். நாலே முக்கால் அடி. ரெண்டு நாளில் எடுத்துவிடுவதாகச் சொன்னார்.